சிகரட் கொடுத்த பாதிரியார்: உட்பைன் வில்லியின் கவிதையும் கடவுளும்

போன செமஸ்டரில் முதலாம் உலகப் போர்க் கவிஞர்கள் பற்றி ஒரு சின்னப் பிரசன்டேஷன் செய்ய வேண்டி வந்தது. வில்பிரட் ஓவனையும் சீக்பிரீட் சசூனையும் மற்ற ஆக்கள் முதலே எடுத்திட்டினம். மிஞ்சிக் கிடந்த பெயர்களில் ஒன்று 'உட்பைன் வில்லி'. ஏதோ கார்ட்டூன் பாத்திரத்தின் பெயர் மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டுதான் எடுத்தேன். வாசிக்கத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் என்னுடைய அம்மம்மா. 2009க்குப் பிறகு அவ சாமி அறையில் விளக்கு ஏத்துவா, ஆனால் கும்பிட மாட்டா. ஏன் எண்டு ஒருக்கா கேட்டன். "அவர் பாத்துக்கொண்டுதானே இருந்தவர்" எண்டு மட்டும் சொன்னா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நூறு வருசத்துக்கு முதல், பிரான்ஸில், வேறொரு சமயத்தைச் சேர்ந்த ஒரு குருவானவர் இதே கேள்விக்கு முன்னால் பதிலில்லாமல் நின்றிருக்கிறார் என்று அறிந்தபோதுதான் அவரை முழுதாக வாசிக்க வேண்டும் என்று தோன்றியது.

யார் இந்த வில்லி?

உண்மைப் பெயர் ஜெப்ரி ஸ்ரடர்ட் கெனடி. 1883இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தார். தகப்பன் அங்கே ஒரு ஏழைப் பங்கின் அங்கிலிக்கன் குரு. குடும்பத்தின் வேர் அயர்லாந்து. ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் படித்துவிட்டு தானும் குருவானார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. 1914இல் வூஸ்டர் நகரத்தின் புனித பவுல் ஆலயத்துக்குப் பொறுப்பாக வந்தார். அதுவும் வறிய மக்கள் வாழ்ந்த பகுதிதான். கையில் இருப்பதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆள். வருத்தக்காரர் ஒருவருக்காக வீட்டுக் கட்டிலையே கொண்டுபோய்க் கொடுத்தார் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது.

அதே வருசம் போர் தொடங்கியது. இந்த இடத்தில் அவரைப் புனிதராக்கிவிட எனக்கு விருப்பமில்லை. உடல் வலுவுள்ள ஒவ்வொரு ஆணும் படையில் சேர வேண்டும் என்று தன் பங்கின் பத்திரிகையில் எழுதியவர் அவர். அன்றைய இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுவான குரலும் அதுதான். லண்டன் ஆயர் வின்னிங்டன் இங்கிராம் போரை ஒரு புனிதப் போராகவே பிரசங்கித்துக்கொண்டிருந்தார். ஜெப்ரி அந்தக் காற்றைச் சுவாசித்தவர். 1915 டிசம்பரில் தானும் படைக் குருவாகப் பிரான்ஸுக்குப் போனார்.

படைக் குரு என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பிரித்தானிய இராணுவத்தில் அவருக்கு அதிகாரி தரம், சீருடை, சம்பளம் எல்லாம் உண்டு. துவக்கு மட்டும் கிடையாது. 1914இல் 117 பேராக இருந்த படைக் குருமார் போர் முடியும்போது மூவாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். வழிபாடு நடத்துவது, காயப்பட்டவர்களோடு இருப்பது, செத்தவர்களைப் புதைப்பது, வீட்டாருக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அவர்களின் வேலை. படையை விட்டு ஓடியதற்காகவோ கோழைத்தனத்துக்காகவோ மரண தண்டனை விதிக்கப்பட்ட சிப்பாயோடு கடைசி இரவு முழுக்க இருப்பதும் அவர்களுடைய வேலைதான். அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் பிரித்தானியா மன்னிப்பு அளித்தது. சிப்பாய்கள் இந்தக் குருமாரை 'பாட்ரே' என்று கூப்பிட்டார்கள்.

ரூவான் ஸ்டேஷனில்

ஜெப்ரி முதலில் போய்ச் சேர்ந்த இடம் ரூவான். முன்னரங்குக்குப் போகிற சிப்பாய்கள் ரயில் ஏறுகிற நகரம் அது. ஸ்டேஷன் கன்டீனில் ஆயிரக்கணக்கான பெடியள் ரயிலுக்குக் காத்திருப்பார்கள். இவர் ஒரு பெட்டிக்கு மேல் ஏறி நின்று பாட்டுப் பாடுவார். நல்ல குரல். பிறகு எழுதத் தெரியாதவர்களுக்கு, எழுத மனம் வராதவர்களுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். ரயில் வெளிக்கிடும் நேரம் பெட்டி பெட்டியாகப் போய் ஒரு பையிலிருந்து புதிய ஏற்பாட்டையும் இன்னொரு பையிலிருந்து சிகரட்டையும் எடுத்துக் கொடுப்பார்.

அந்தச் சிகரட்டின் பெயர்தான் உட்பைன். வில்ஸ் கம்பனியின் மலிவான சிகரட். தொழிலாளிகள் பிடிக்கிறது. அதிகாரிகள் அதைத் தொடமாட்டார்கள். அப்படித்தான் அவருக்கு 'உட்பைன் வில்லி' என்ற பட்டப்பெயர் ஒட்டியது. பிரித்தானியப் படை முழுக்கத் தெரிந்த பெயராகவும் ஆகிவிட்டது.

இதை முதலில் வாசித்தபோது ஒரு அழகான கதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். நல்ல மனுசன், சிரிச்ச முகம், சிகரட் தருவார். ஆனால் அவரே அதை அப்படிப் பார்க்கவில்லை. இந்தப் பட்டப்பெயரைப் பற்றி அவர் ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். அதில் பெருமை இல்லை, வெட்கம்தான் இருக்கிறது. சாகப் போகிற அந்தப் பெடியளுக்குத் தான் கொடுக்க வேண்டியிருந்தது கடவுளின் சமாதானத்தை, அதற்குப் பதிலாக ஒரு சிகரட்டை நீட்டிச் சமாளித்துவிட்டேன் என்பதுதான் அந்தக் கவிதையின் சாரம். உலகம் தன்னைப் பாராட்டிய அதே விசயத்தை அவர் தன்னுடைய தோல்வியாகக் கணக்கு வைத்திருந்தார். என்னைப் பிடித்து இழுத்தது இந்த இடம்தான்.

சுவரில் இருந்த சிலுவை

1916இல் சொம் களத்துக்குப் போனார். அந்தச் சண்டையின் முதல் நாளான ஜூலை 1இல் மட்டும் பிரித்தானியப் படையில் 57,470 பேர் இழப்பு. அதில் 19,240 பேர் செத்தவர்கள். ஒரே நாளில்! 1917 ஜூன் 7இல் பெல்ஜியத்தின் மெசீன் மேட்டில் நடந்த தாக்குதலிலும் இருந்தார். விடியப்புறம் 19 சுரங்க வெடிகளை ஒரேயடியாக வெடிக்க வைத்துத் தொடங்கிய தாக்குதல் அது. செல்லடிக்குள்ளால் ஓடி, காயப்பட்டவர்களுக்கு மோர்பின் கொண்டுவந்ததற்காக அவருக்கு 'மிலிட்டரி குரொஸ்' பதக்கம் கிடைத்தது.

பதக்கத்தைவிட அன்றைக்கு அவர் கண்ட ஒரு காட்சிதான் முக்கியம். பயத்தில் பாதிப் பைத்தியமாக ஓடி வந்துகொண்டிருந்தபோது காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் செத்துக் கிடக்கிற ஒரு ஜேர்மன் பெடியன். ஒல்லியான, சாப்பாடு காணாத உடம்பு. வயிற்றில் ஒரு காயம், தலையில் ஒரு ஓட்டை. இதற்கும் உனக்கும் என்ன சம்பந்தம், பாவம், என்று தான் முணுமுணுத்ததாகப் பின்னாளில் எழுதினார். அடுத்த கணம் அந்தப் பெடியன் கிடந்த இடத்தில் சிலுவையில் தொங்குகிற கிறிஸ்துவைக் கண்டாராம். அதற்குப் பிறகு எந்தப் போர்க்களத்தைப் பார்த்தாலும் அவருக்குச் சிலுவைதான் தெரிந்தது. கவனியுங்கள், அவர் கண்டது எதிரியின் உடலில்.

இன்னொரு சம்பவம். ஆஸ்பத்திரியில் காயப்பட்டுக் கிடந்த ஒரு அதிகாரி அவரிடம் கேட்கிறார், "பாட்ரே, கடவுள் எப்படிப்பட்டவர்?" என்ற கருத்தில். ஜெப்ரி சுவரில் தொங்கிய சிலுவையைக் காட்டுகிறார். அதிகாரிக்குத் திருப்தி இல்லை. அது இயேசு, அடிபட்டுத் தோற்றுப்போன ஒரு மனிதர். தான் கேட்டது எல்லாம் வல்ல கடவுளைப் பற்றி. இவ்வளவையும் ஆளுகிறவர் எப்படிப்பட்டவர்? இதுதான் அவருடைய கேள்வி.

இந்தக் கேள்வி ஏன் ஒரு குருவானவரைக் கலக்க வேண்டும்? அதற்குக் கொஞ்சம் இறையியல் தெரிய வேண்டும். கடவுளுக்கு வலி கிடையாது, அவர் மாற்றங்களுக்கும் துன்பத்துக்கும் அப்பாற்பட்டவர் என்பது கிறிஸ்தவத்தின் மிகப் பழைய போதனை. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் முதலாவது விதியே கடவுளுக்கு உடலும் இல்லை, பாகங்களும் இல்லை, உணர்ச்சிப் பாடுகளும் இல்லை என்றுதான் சொல்கிறது. அமைதிக் காலத்தில் அது ஆறுதலான போதனை. கீழே என்ன நடந்தாலும் மேலே இருப்பவர் அசையமாட்டார். ஆனால் சேற்றுக்குள் குடல் சரிந்து கிடக்கிற பெடியனுக்கு முன்னால் அசையாத கடவுள் என்றால் என்ன அர்த்தம்? பார்த்துக்கொண்டு இருக்கிறவர் என்றுதானே?

ஜெப்ரி 1918இல் 'தி ஹார்டஸ்ட் பார்ட்' என்ற புத்தகத்தில் இதற்குத் தன் பதிலை எழுதினார். அதில் நூலக வாசனையே இல்லை. அதிகாரங்கள் பதுங்குகுழியிலும் போர்க்களத்திலும் தொடங்குகின்றன. அவர் சொன்னது இதுதான்: சிம்மாசனத்தில் இருந்துகொண்டு போரை நடத்துகிற, அல்லது போரை அனுமதிக்கிற சர்வ வல்ல அரசன் என்ற கடவுளைத் தான் நம்பவில்லை. கடவுள் இந்தப் போரை விரும்பவில்லை, அனுப்பவும் இல்லை. அவர் காயப்படுகிறார். படைத்த உலகத்தோடு சேர்ந்து துன்பப்பட்டுக்கொண்டு, தோல்விகளுக்குள்ளால் போராடிக்கொண்டிருக்கிறார். சிலுவை ஒருநாள் நடந்து முடிந்த சம்பவமாக அவருக்குத் தெரியவில்லை. கடவுளின் இயல்பே அதுதான் என்றார்.

இதற்கு எதிர்ப்பு வந்தது. வராமல் இருக்குமா? துன்பப்படுகிற கடவுளால் எங்களுக்கு என்ன பிரயோசனம், காப்பாற்ற வல்லமை இல்லாதவரை ஏன் கும்பிட வேண்டும் என்று நீங்களும் கேட்கலாம். நான் கேட்டேன். அவருடைய வாதத்தில் இந்த ஓட்டை கடைசிவரை முழுதாக அடைபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு 'கடவுளின் சித்தம்' என்று சொல்லித் தப்பிக்க அவர் மறுத்துவிட்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பிற்காலத்தில் அந்தப் புத்தகத்தை மிகவும் உயர்த்திப் பேசியவர்களில் ஒருவர் யூர்கன் மொல்ட்மான். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படையில் இருந்து, பிரித்தானியரிடம் போர்க்கைதியாகிப் பிறகு இறையியலாளரானவர்.

சிப்பாயின் வாயில் கவிதை

இனிக் கவிதைக்கு வருவோம். 1918இல் 'ரஃப் ரைம்ஸ் ஒஃப் எ பாட்ரே' என்ற தொகுப்பு வந்தது. ஒரு பாட்ரேயின் கரடுமுரடான பாட்டுகள் என்று சொல்லலாம். தலைப்பிலேயே அவர் தன்னை ஓவனின் வரிசையில் வைக்கவில்லை. உண்மையும் அதுதான். எதுகை இலகுவாக விழும், சில இடங்களில் உணர்ச்சி கரைபுரண்டு ஓடும், வாசிக்கும்போது சேர்ச் பாட்டும் மேடைப் பாட்டும் கலந்த சந்தம் காதில் கேட்கும். கம்பஸ் பாடத்திட்டத்தில் அவர் ஏன் இல்லை என்பதற்கு இது போதும்.

ஆனால் நல்ல கவிதைகள் பலவற்றில் பேசுகிறவர் குருவானவர் இல்லை. ஒரு சாதாரணச் சிப்பாய். அதுவும் இலக்கண ஆங்கிலத்தில் இல்லை, தொழிலாளிகளின் வாய்மொழியில், எழுத்துகளை விழுங்கி உச்சரிக்கிற மாதிரியே எழுதப்பட்டிருக்கும். 'தி சொரோ ஒஃப் கோட்' என்ற கவிதையில் தங்குமிடத்தில் இருக்கிற ஒரு சிப்பாய், கடவுளுக்கும் துக்கம் இருக்குமோ என்று தன் சொந்தப் பாசையில் யோசித்து யோசித்துப் போகிறான். 'வெல்?' என்ற கவிதையில் ஒருவன் தீர்ப்பு நாளைக் கனவு காண்கிறான். பாட்ரே பயமுறுத்திய மாதிரி நெருப்பும் இல்லை, நீதிபதியும் இல்லை. அவன் வாழ்ந்த வாழ்க்கை முழுக்கக் கண்ணுக்கு முன்னால் வருகிறது. பிறகு ஒருவர் அவனைப் பார்த்து ஒரே ஒரு சொல்லில் கேட்கிறார், என்ன சொல்லப் போகிறாய் என்கிற மாதிரி. நரகத்தைவிட அந்தக் கேள்விதான் அவனுக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது.

படித்த ஒரு குரு, தொழிலாளியின் குரலைப் போட்டுக்கொண்டு பேசுவது சரியா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. இது ஒரு விதமான வேசம்தானே? ஒரு சிப்பாய் தானே எழுதியிருந்தால் இவ்வளவு பக்தியாக எழுதியிருப்பானா? தெரியாது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரசங்க ஆங்கிலத்தில் அவரால் அந்தச் சந்தேகங்களைச் சொல்லவே ஏலாது. எங்களுக்கும் அது தெரியும்தானே? மேடைத் தமிழில் வாயை அடைக்கிற விசயம் வீட்டுத் தமிழில் சட்டென்று வந்துவிடும். அம்மம்மா சொன்ன அந்த ஒரு வசனம் மாதிரி. சிப்பாயின் பாசை ஜெப்ரிக்கு மறைந்து நிற்க ஒரு திரையாகவும் இருந்தது, உண்மையைச் சொல்ல ஒரு வாயாகவும் இருந்தது.

அவரும் படையின் ஆள்தான்

இதை எழுதும்போது ஒரு நெருடல் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. எங்கட வீடுகளில் 'ஆமி' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு படையின் சீருடை போட்ட குருவைப் பற்றி உருகி எழுதுவது அவ்வளவு இலேசாக வரவில்லை. அந்த நெருடலை மறைக்க நான் விரும்பவுமில்லை.

ஏனென்றால் படைக் குருவின் ஆறுதல் படைக்கும் உதவியது. மனம் உடைந்த சிப்பாய் சண்டை பிடிக்கமாட்டான். அவனைத் தேற்றி எழுப்பினால் அவன் திரும்பவும் கொல்லப் போவான், அல்லது சாகப் போவான். ஜெப்ரியும் இதில் பங்கெடுத்தார். ஒரு குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர்கள், துவக்குக் கத்திச் சண்டையில் பெயர் எடுத்த ஒரு சிப்பாய் ஆகியோரோடு சேர்ந்து பயிற்சி முகாம்களுக்குப் போய் வீரர்களின் மனவுறுதியைக் கூட்டுகிற உரைகள் ஆற்றினார். ரூவானில் அவர் பாடிப் பாடி வழியனுப்பிய ரயில்கள் எங்கே போயின என்பதும் அவருக்குத் தெரியும்.

இதற்கு அவர் கண்டுபிடித்த ஒரே நியாயம், அனுப்பிவிட்டு நிற்கக் கூடாது, கூடவே போக வேண்டும் என்பதுதான். தியோடர் பெய்லி ஹார்டி என்ற வயதான குரு 1916இல் ரூவானில் இவரைச் சந்தித்து, நான் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று கேட்டார். சிப்பாய்கள் போகிற இடமெல்லாம் போங்கள், அவர்களோடு வாழுங்கள், பின்னால் நின்றால் உங்கள் வேலை வீண், பையில் சிகரட்டும் மனதில் அன்பும் இருந்தால் போதும் என்ற கருத்தில் பதில் சொன்னார் ஜெப்ரி. ஹார்டி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா குரொஸ் அவருக்குக் கிடைத்தது. பாதுகாப்பான பதவியில் இருத்த அரசரே விரும்பியும் அவர் முன்னரங்கை விட்டு வரவில்லை. 1918 ஒக்டோபரில் காயப்பட்டு, அதே ரூவானில் உயிர் விட்டார். வயது 54. போர் முடிய இன்னும் மூன்று கிழமையளவுதான் இருந்தது.

அந்தப் புத்திமதியின் விலை என்னவென்று ஜெப்ரி யோசித்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

திரும்பி வந்த பிறகு

போருக்குப் பிறகு அவர் பழைய ஆளாக இருக்கவில்லை. 1919இல் வந்த புத்தகத்துக்கு 'லைஸ்', அதாவது 'பொய்கள்' என்று பெயர் வைத்தார். எல்லாரும் சேரவேண்டும் என்று எழுதிய அதே கை, போரைப் பாவம் என்று எழுதியது. செத்த உயிர்களையும் உடைந்த உடம்புகளையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 'வீண்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிற சின்னக் கவிதை ஒன்றும் அவருடையது.

போரில் வென்ற வீரர்கள் ஊருக்கு வந்து வேலையில்லாமல் நின்றார்கள். அவர் கைத்தொழில் கிறிஸ்தவ ஐக்கியம் என்ற அமைப்புக்காக நாடு முழுக்கச் சுற்றி, தொழிலாளிகளின் சம்பளத்தைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் பேசினார். 'இன்டிபரன்ஸ்' என்ற கவிதை இந்தக் காலத்து மனநிலையைச் சொல்லும். இயேசு பேர்மிங்ஹாம் நகரத்துக்கு வருகிறார். யாரும் அவரைச் சிலுவையில் அறையவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை. மழைக்குள் ஒரு சுவரோடு ஒதுங்கி நின்று, ஆணி அடித்த அந்தப் பழைய இடத்தையே நினைத்து அழுகிறார். போர்க்களத்தில் சிலுவையைக் கண்டவர், சமாதான காலத் தெருவில் அதைவிடக் கொடியதைக் கண்டிருக்கிறார்.

1929 மார்ச் 8இல், பேசுவதற்காகப் போன லிவர்பூலில் காய்ச்சலில் இறந்துபோனார். 45 வயது. பெரியவர்களைப் புதைக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவரை அடக்கம் செய்யக் கேட்டபோது, அவர் ஒரு சோசலிசவாதி என்று சொல்லி அங்கிருந்த டீன் மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. வூஸ்டரில்தான் அடக்கம். தெருவெல்லாம் சனம். முன்னாள் சிப்பாய்கள் வைத்த மரியாதையில் ஒரு பக்கெட் உட்பைனும் இருந்தது.

அந்தப் பக்கெட்டைப் பற்றித்தான் நான் கனநேரம் யோசித்தேன். சிகரட்டை நீட்டிச் சமாளித்துவிட்டேன் என்று அவர் தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டார். ரயிலில் போய், அகழியில் கிடந்து, உயிரோடு திரும்பி வந்தவர்கள் அந்தச் சிகரட்டையே அவருக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் அதைச் சமாளிப்பாக எடுக்கவில்லை போல. திரும்பி வராதவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று கேட்க வழியில்லை.

பிரசன்டேஷன் முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னன். கடவுளும் சேர்ந்து காயப்பட்டவர் எண்டு ஒரு பாதிரியார் எழுதினவராம் எண்டன். அவ விளக்குத் திரியைச் சரி செய்துகொண்டே கேட்டா: "அந்தப் பாதிரியார் சனத்தோட நிண்டவரோ?"

"ஓம், நிண்டவர்."

"அப்ப அவர் சொல்லலாம்" எண்டா.

அண்டைக்கும் கும்பிடேல்லை.